மலையில் வட்டம், பாலத்தில் சதுரம், வரப்பில் கல்: பழைய சர்வே குறிகளைத் தேடுவது எப்படி?

ரயில் நிலையத்தின் இரு முனைகளிலும் நிற்கும் மஞ்சள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று ஓர் எண் இருக்கும். கன்னியாகுமரி, நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று எங்கே இறங்கினாலும் பார்க்கலாம். அந்த எண்ணுக்காக யாரும் ஒவ்வொரு முறையும் கடற்கரையிலிருந்து அளந்துகொண்டு வருவதில்லை. பக்கத்தில் எங்கேயோ உயரம் ஏற்கெனவே தெரிந்த ஒரு குறி இருக்கும், அதிலிருந்து அளப்பார்கள். அந்தக் குறிக்கு உயரம் கொடுத்தது அதற்கு முந்தைய குறி. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு துறைமுகத்தில் வருடக்கணக்காகக் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்த கருவியில் போய் நிற்போம்.

இதுபோன்ற குறிகள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. மலைப்பாறையில் வெட்டியது உண்டு, ஓடைப் பாலத்தின் சுவரில் செதுக்கியது உண்டு, வயல் வரப்பில் நட்டு மண்மூடிப் போனதும் உண்டு. தினமும் அவற்றைத் தாண்டிப் போகிறோம், கண்ணில் படுவதில்லை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. பெரிய செலவு கிடையாது. வரைபடம் பார்க்கக் கொஞ்சம் பழக்கமும், நடக்கக் காலும், ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கும் குணமும் இருந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எந்தக் குறியும் சும்மா கண்ட இடத்தில் வைக்கப்பட்டதல்ல. அது செய்ய வேண்டிய வேலைதான் அது இருக்கும் இடத்தைத் தீர்மானித்தது. அந்த வேலை என்னவென்று புரிந்துவிட்டால் பாதித் தேடல் வீட்டிலிருந்தபடியே முடிந்துவிடும்.

மலை உச்சிக் குறி

முதலில் பெரியது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஆனால் இதன் பலம் பெரியது. ஒரே ஒரு கோட்டைத் தரையில் சங்கிலி போட்டு அளந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையைப் பார்த்துக் கோணம் எடுக்கலாம். கிடைத்த பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அதற்கடுத்தது. ஆற்றையும் காட்டையும் சங்கிலியால் கடக்க வேண்டியதில்லை, கண்பார்வை கடந்துவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே தொடங்கியது இந்த வேலையைத்தான். முதல் கோட்டின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அதை அளக்க மட்டும் 57 நாள் ஆனது. கோணம் எடுக்க அவரிடம் இருந்த தியோடலைட் கருவி ஏறக்குறைய அரை டன் எடை. மலை இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களின் மேல் அதை ஏற்றிப் பார்த்தார்கள். 1808இல் தஞ்சாவூரில் அப்படி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் தன் கையாலேயே அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்து தெற்கே நகர்ந்தார். 1809இல் திருநெல்வேலிப் பக்கம் மறுபடியும் ஒரு கோட்டைத் தரையில் அளந்து, முக்கோணக் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்த்தார்கள். திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியில் நாடு கொந்தளித்துக் கிடந்த ஆண்டு அது. பிப்ரவரியில்தான் ஆரல்வாய்மொழிக் கோட்டையைக் கம்பெனிப் படை பிடித்திருந்தது.

இந்த முக்கோணத் தொடரின் தென்முனை நம் குமரி முனைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆங்கில ஆவணங்களில் ‘புன்னே’ என்று எழுதப்பட்ட இடம், வட அட்சம் 8 டிகிரி 9 நிமிடத்தை ஒட்டியது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பொறுப்பேற்று, தொடரை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோய் 1841இல் முடித்தார். மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர். பூமியின் வடிவத்தைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்பட்ட அளவு இது. அதன் தெற்கு நுனி நம் ஊர்ப் பக்கம் என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அதோடு முடியவில்லை. 1868–69இல் குமரி முனைப் பக்கம் புதிதாக இன்னொரு அடிக்கோடு, அதாவது தரையிலேயே நேராக அளக்கும் தொடக்கக் கோடு, அளந்தார்கள். அதற்குள் சங்கிலி போய், இரும்புச் சட்டமும் பித்தளைச் சட்டமும் இணைத்த அளவுகோல் வந்திருந்தது. வெயிலில் உலோகம் நீளும், நீளும்போது அளவு பிசகும். ஆனால் இரும்பும் பித்தளையும் ஒரே வெயிலில் வெவ்வேறு அளவு நீளும். அந்த வித்தியாசத்தையே பயன்படுத்தி, எவ்வளவு சூடானாலும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் மட்டும் மாறாதபடி அந்தக் கருவியை அமைத்திருந்தார்கள். நம் ஊர் வெயிலை நினைத்தால் அதன் அருமை தெரியும்.

திருவிதாங்கூர் பக்கத்துக்கு உள்ளூர் அளவு 1816 முதல் 1820 வரை நடந்தது. வார்டு, கானர் என்ற இரண்டு படை அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி இரண்டையும் அளந்து வரைந்தார்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தப் பக்கம்தானே இருந்தோம். எனவே நம் மாவட்டத்தின் பழைய வரைபடங்களைத் தேடுகிறவர்கள் திருவிதாங்கூர் என்ற பெயரில்தான் தேட வேண்டும்.

சரி, மேலே ஏறினால் என்ன பார்க்கலாம்? முக்கோண அளவைக் குறி பெரும்பாலும் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும்தான். உயிர்ப்பாறையிலேயே உளியால் வெட்டியிருப்பார்கள். முக்கியமான நிலையமாக இருந்தால் அதன் மேல் கல்லும் காரையுமாக ஒரு தூண் எழுப்பி, சுற்றிலும் மேடை கட்டியிருப்பார்கள். கருவி தூணின் மேல் இருக்கும், ஆள் மேடையில் நிற்பார். ஆள் காலை மாற்றி வைத்தாலும் கருவி அசையக் கூடாது என்பதால் தூணும் மேடையும் ஒன்றையொன்று தொடாது. தூண் இடிந்து போனாலும் அடியில் பாறையில் வெட்டிய புள்ளி இருக்கும். உண்மையான குறி அந்தப் புள்ளிதான், மற்றதெல்லாம் அதற்கு மேல் கட்டிய வசதி.

நேர்வெயிலில் போனால் வட்டம் தெரியாது. நூற்றாண்டு மழை அதன் விளிம்பை மழுக்கியிருக்கும், சாம்பல் நிறப் பாசி பள்ளத்தை நிரப்பியிருக்கும். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் வெயில் சாய்ந்து விழும்போது, பள்ளத்தின் ஒரு ஓரம் மட்டும் கறுத்து நிற்கும். தலையைப் பாறையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் பிடிபடாவிட்டால் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு கை அள்ளி மெதுவாக ஊற்றுங்கள். மேடு சீக்கிரம் காயும், வெட்டு ஈரமாகவே இருக்கும். ஒரு நிமிடத்துக்கு மட்டும் வட்டம் வரைந்ததுபோல் எழுந்து வரும். கத்தியாலோ கம்பித் தூரிகையாலோ சுரண்டவே கூடாது. ஒரு முறை சுரண்டினால் அடுத்து வருகிறவருக்கு வெட்டு எது, கீறல் எது என்று தெரியாமல் போகும்.

பாறையில் இருக்கும் குழியெல்லாம் சர்வே குறி அல்ல. கார்த்திகைத் தீபத்துக்கு வெட்டிய குழி ஆழமாக, உள்ளே கரி படிந்து இருக்கும். பாறை உடைப்பவர்கள் ஆப்பு இறக்கத் துளைத்தவை வரிசையாகவும் நீள்சதுரமாகவும் இருக்கும். சர்வே வட்டம் ஆழமில்லாதது, திருத்தமானது, நடுப்புள்ளி கட்டாயம் உண்டு. இன்னொரு சோதனையும் செய்யலாம். அந்த இடத்தில் எழுந்து நின்று சுற்றிப் பாருங்கள். நான்கு பக்கமும் தூரத்து மலைகள் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் லாம்டன் ஆட்கள் அங்கே மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

எந்த மலையில் ஏறுவது என்பதை வரைபடம் சொல்லும். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபட வரிசையில் நம் பகுதி 58எச் என்ற கட்டத்தில் வரும். நாகர்கோவிலைச் சுற்றிய பகுதி 58எச்/8, குமரி முனை 58எச்/12. இவை 1:50,000 அளவில் வரையப்பட்டவை. அதாவது தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரு சிறு முக்கோணமும் உள்ளே புள்ளியும் பக்கத்தில் ஓர் உயர எண்ணும் இருந்தால் அதுதான் முக்கோண அளவை நிலையம். வெறும் புள்ளியும் எண்ணும் மட்டும் இருந்தால் உயரம் எடுத்த இடம்தான், அங்கே குறி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கே ஒரு சங்கதி பலருக்கும் தெரிவதில்லை. பழைய வரைபடத்தில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கைபேசியில் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள். பழைய வரைபடம் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவத்தை வைத்து வரைந்தது. கைபேசி வேறொரு வடிவத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. இரண்டு கணக்கும் அவற்றின் அளவில் சரிதான், ஆனால் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் போட முடியாது. மாற்றிக் கொடுக்கும் செயலிகள் உண்டு. அது இல்லாவிட்டால் எண்ணை விட்டுவிட்டு, வரைபடத்தின் சமஉயரக் கோடுகளை வைத்து எந்த முகடு என்று பாருங்கள்.

பாலத்துச் சுவரில் ஒரு சதுரம்

உயரக் குறியைப் பெஞ்ச்மார்க் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். இதற்கு மலை ஏற வேண்டாம். உயரம் அளப்பவர்கள் சாலையோரமாகவும் ரயில் பாதையோரமாகவும் நடந்தே போவார்கள். ஒரு கருவி, முன்னும் பின்னும் அளவுகோல் பிடிக்க இரண்டு ஆட்கள். எனவே குறியும் வழியோரத்தில்தான் இருக்கும். அது அமிழ்ந்துவிடக் கூடாது, யாரும் எளிதில் பெயர்த்து எடுக்கவும் கூடாது. அப்படியானால் எங்கே வைப்பார்கள்? பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவர், மதகின் கருங்கல், கோயில் அல்லது பள்ளிக்கூடத்தின் படிக்கல், தரையோடு ஒட்டிய பாறை.

கல்லில் சிறிய சதுரம் ஒன்று வெட்டி, அதன் மேலும் கீழும் ஜி.டி.எஸ். (கிரேட் டிரிகனாமெட்ரிகல் சர்வே), பி.எம். (பெஞ்ச்மார்க்) என்ற ஆங்கில எழுத்துகளைச் செதுக்கியிருந்தால் அது தேசிய அளவிலான வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையின் கணக்கு 1909இல் முடிந்தது. கராச்சி முதல் விசாகப்பட்டினத்துக்கும் அப்பால் வரை 9 துறைமுகங்களில் எடுத்த சராசரிக் கடல் மட்டத்தை அடிப்படையாக வைத்தார்கள். நமக்குப் பக்கத்தில் கொச்சியும் நாகப்பட்டினமும் அந்த ஒன்பதில் உண்டு. பொதுப்பணித் துறையும் ரயில்வேயும் தங்கள் வேலைக்கென்று தனிக் குறிகள் வைத்திருக்கும். அவை பெரும்பாலும் பெயின்டில் எழுதிய அம்பும் எண்ணும்தான்.

பெஞ்ச்மார்க்கைத் தேட ஏற்ற இடம் புறவழிச்சாலை வந்த பிறகு கைவிடப்பட்ட பழைய சாலை. அகலப்படுத்தாத சாலையில் பழைய ஓடைப்பாலம் அப்படியே நிற்கும். சுண்ணாம்பு, காவி, கட்சிச் சின்னம், அதற்கு மேல் சுவரொட்டி என்று பூச்சு ஏறிக் கிடக்கும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சதுரத்தின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படும்.

சாலையோரக் கற்களில் குழப்பம் தருபவையும் நிறைய. நம் மாவட்டத்தில் சுமைதாங்கிக் கல் ஏராளம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கப் போட்டிருக்கும், அதைச் சர்வேயோடு சேர்க்க வேண்டாம். நெடுஞ்சாலை எல்லைக் கல், ரயில்வே எல்லைக் கல், வனத்துறைக் கல் எல்லாம் தனித்தனி இனம். சூலம் பொறித்த கல் சிவன் கோயில் நிலத்தின் எல்லை, சக்கரம் பொறித்த திருவாழிக்கல் பெருமாள் கோயில் நிலத்தின் எல்லை. இவை பிரிட்டிஷ் சர்வேக்கு நெடுங்காலம் முந்திய மரபு. சோழர் செப்பேடுகளில் பெண்யானையை நடத்தி எல்லை சுற்றியதையும், கல்லும் கள்ளியும் நாட்டியதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கல் ஒன்று கண்ணில் பட்டால் சர்வே குறியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு.

வரப்போரக் கல்

மூன்றாவது வகை எல்லாருக்கும் தெரிந்த சர்வே கல். வயலின் மூலையிலும், எல்லை வளையும் இடத்திலும், மூன்று கிராமமோ மூன்று புலமோ சந்திக்கும் முச்சந்தியிலும் இருக்கும். இதற்கு வழிகாட்டி புலப்படம், அதாவது ஒரு சர்வே எண்ணில் உள்ள நிலத்தின் அளவு வரைபடம். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்தால் கிடைக்கும். எல்லைக் கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்தான் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உள்ள தூரம். தெரிந்த கல் ஒன்றிலிருந்து நாடா பிடித்தால் அடுத்த கல் இருக்க வேண்டிய இடம் வந்துவிடும். நம் மாவட்டத்துப் பழைய பத்திரங்களில் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் இருக்கும், பழைய சர்வே எண்ணும் பின்னால் மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண்ணும் சேர்ந்தே வரும். எந்த எண் எந்தப் படத்துக்கு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

நாம் தினமும் பேசும் சென்ட் கணக்கும் சர்வே சங்கிலியோடு ஒட்டியதுதான். சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். சங்கிலிக்குச் சங்கிலி சதுரம் போட்டால் 4,356 சதுர அடி, அது சரியாகப் பத்து சென்ட். பத்துச் சதுரம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று அரைகுறையாக ஏன் வருகிறது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் விடை. சங்கிலிக் கணக்கில் அது துளியும் அரைகுறை இல்லை.

படத்தைவிடச் சில நேரம் பக்கத்து வயல்காரர் கெட்டிக்காரர். தோவாளைப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் நான் ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

“பாட்டா, இந்த வயலுக்கு சர்வே கல்லு எங்க கிடக்கு?”

“அந்தா வரப்பு ஒடியுத எடம் தெரியுதுல்லா மக்கா, அந்தத் தாழைக்கு அடியில பாரு. மேல மண்ணு ஏறிப் போச்சு.”

கையாலேயே மண்ணை ஒதுக்கியபோது கருங்கல்லின் தலை தெரிந்தது. நான்கு விரல் அகலம், மேலே உளியால் போட்ட கூட்டல் குறி. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் எல்லை, கல்லின் ஓரம் அல்ல. பார்த்து முடித்ததும் மண்ணைத் திரும்ப மூடச் சொன்னார் பெரியவர். மாட்டுக்காலில் இடறாது, டிராக்டர் தட்டாது. மண்ணுக்குள் இருப்பதுதான் கல்லுக்குப் பாதுகாப்பு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

தேடும்போது

அடுத்தவர் வயலில் கேட்காமல் இறங்க வேண்டாம். கல் தேடுகிறோம் என்று சொன்னால் எல்லைத் தகராறுக்கு ஆள் வந்திருப்பதாக நினைப்பார்கள். வரைபடத்தைக் கையில் காட்டிப் பேசினால் பயம் போய்விடும், பல வீடுகளில் காப்பியும் கிடைக்கும். மலைகளில் பெரும்பகுதி காட்டுத்துறையின் கையில் இருக்கிறது, அங்கே அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. மகேந்திரகிரிப் பக்கம் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருப்பதால் அந்தத் திசையை மறந்துவிடுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம், இரண்டிலும் பாறை வழுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், புல்லும் காய்ந்து தாழ்ந்திருக்கும், பாம்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

அரசு நட்ட குறியை அழிப்பதும் இடம் மாற்றுவதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறை வைத்தது, புதிய சட்டத்திலும் அது குற்றமே. தமிழ்நாடு சர்வே மற்றும் எல்லைச் சட்டம் 1923இல் வந்தது. எனவே நினைவுக்கு ஒரு துண்டு எடுத்து வருவது, தெரிவதற்காகப் பெயின்ட் அடிப்பது, பெயர் எழுதுவது எதுவும் கூடாது.

எனக்கு மனம் கனப்பது வேறு விஷயத்தில். இன்றைக்கு நில அளவைக்குச் செயற்கைக்கோளும், இரவு பகலாக அதன் சிக்னலை வாங்கிக்கொண்டிருக்கும் நிரந்தர நிலையங்களும் வந்துவிட்டன. சில சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் கிடைக்கிறது. பாறைப் புள்ளியைத் தேடி யாரும் மலை ஏற வேண்டிய தேவை இல்லை. தேவை இல்லாததால் கவனிப்பும் இல்லை. கல்குவாரிக்காக ஒரு மலையை உடைக்கும்போது உச்சியில் இருந்த வட்டமும் ஜல்லியாகிப் போகிறது. சாலையை அகலப்படுத்தும்போது பழைய பாலச் சுவர் லாரியில் ஏறிவிடுகிறது. இரண்டு நூற்றாண்டுக்கு முன் மனிதர்கள் அரை டன் கருவியைச் சுமந்து எடுத்த அளவு, ஒரே மதியத்தில் தடமில்லாமல் போவதை நான் ஏற்கவே மாட்டேன்.

அதனால் கண்டுபிடித்த குறியைப் பதிவு செய்யுங்கள். மூன்று படம் போதும். குறியின் நெருக்கப் படம் ஒன்று, அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. பாறையோ பாலமோ முழுதாகத் தெரியும்படி ஒன்று. அங்கிருந்து சுற்றுப்புறம் தெரியும்படி இன்னொன்று. தேதி, கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, குறி எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டு வரி. குறி வெட்டிய பாலத்தை இடிக்கப் போவதாகத் தெரிந்தால், வேலை தொடங்கும் முன் அந்தப் படங்களோடு மாவட்ட நில அளவை அலுவலகத்துக்கும் இந்திய நில அளவைத் துறைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். இடிப்பதற்கு முன்னால் தெரிந்தால்தான் அதன் உயரத்தைப் பக்கத்தில் வேறொரு நிலையான கல்லுக்கு மாற்றிக்கொள்ள முடியும்.